உள்ளே இறங்காத கதாநாயகன்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் கடைசி இரண்டு வரிசை சினிமாக்காரர்களுக்கு. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. தூங்குகிறவர்கள் முன்னால் உட்காருவார்கள், போனில் பேசுகிறவர்கள் நடுவில், படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் பின்னால். கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, கவரைப்பேட்டையில் மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு தேர்வாய் கண்டிகை போய்ச் சேருவதற்குள் ஒரு படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம். சாயங்காலம் திரும்பும்போது அந்தத் தோரணத்தையும் பிடித்து இழுப்போம்.

நிரந்தர உறுப்பினர்கள் நாலு பேர். நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். வருகிற உதிரி பாகங்களில் கீறலும் பிசிறும் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளுவது என் வேலை. அந்தப் புத்தி தியேட்டரில் உட்கார்ந்தாலும் போகாது. எனக்குக் கோபம் வேறு சீக்கிரம் வரும். பேக்கிங்கில் இருக்கும் அக்காவுக்குப் படத்தின் நடுவில் காணாமல் போகிறவர்கள் மேல்தான் கவலை. "அந்தப் பொண்ணோட தங்கச்சி காலேஜுக்குப் போறேன்னு பஸ் ஏறுனாளே, இன்னாடி ஆனா அவ? படமே முடிஞ்சி போச்சி, இன்னும் ஊட்டுக்கு வரல," என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது ஆள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரன். ஆண், பெண், சூப்பர்வைசர் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவனுக்கு நைனா. "லாஜிக் ஓணும்னா நியூஸ் பாரு நைனா, படத்துக்கு ஏன் வர்ற?" என்பது அவன் கட்சி.

நான்காவது ஆள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அண்ணன். ஐம்பது தாண்டியவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் படம் அவுட். ஒரு படத்தில் கதாநாயகன் இரும்புக் கம்பெனிக்குள் புகுந்து ஒரே ஒரு லிவரை இழுப்பான், கம்பெனி மொத்தமும் நின்று போகும். தியேட்டரே விசில் அடித்தது. மறுநாள் காலை அண்ணன் சொன்னார்: "ஒரு மோட்டார நிறுத்த நா மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்கறேன். அவுனுக்கு யாரு பெர்மிட்டு குடுத்தது?" அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

அவரிடம் ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. கதாநாயகன் எங்காவது பாய்ந்தால், நெருப்புக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ குதித்தால், "கொஞ்சம் நின்னு யோசிச்சிருக்கலாம்" என்பார். எல்லாப் படத்துக்கும் இதையே சொல்வார். உடனே ஃபோர்க்லிஃப்ட்காரன் ஆரம்பிப்பான்: "இவுரு ஏன் சொல்ல மாட்டாரு? நா தொட்டிக்குள்ள சாகக் கெடக்கறேன், இவுரு மேல நின்னுக்கினு வேடிக்கை பாத்த ஆளாச்சே!"

இது எங்கள் பஸ்ஸில் பழைய நகைச்சுவைக் காட்சி. இரண்டு பேரும் இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அங்கே கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இவன், உள்ளே இருந்த வாயுவில் மயங்கி விழுந்துவிட்டான். அண்ணன் உள்ளே இறங்கவில்லை. அலாரத்தை அடித்துவிட்டு மேலேயே நின்றார். மூச்சுக் கருவி மாட்டிய ஆட்கள் வந்துதான் இவனைத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு அந்தக் கதையை அவன் எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான். நாங்கள் சிரிப்போம், அண்ணனும் சிரிப்பார். அதிகமாகச் சிரித்தது நான்தான். அதை இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இந்த வருஷம் பாதுகாப்பு வாரத்துக்கு நாடகப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு குழுவும் பத்து நிமிஷ நாடகம் போட வேண்டும், தலைப்பைச் சீட்டுக் குலுக்கித் தருவார்கள். "இத்தினி வருசமா அடுத்தவன் படத்த நொட்ட சொல்றீங்களே, நீங்க ஒண்ணு எடுங்க பாக்கலாம்," என்று நடு வரிசைக்காரர்கள் உசுப்பேற்றினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெயரைக் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு வந்த சீட்டில் "தொட்டிக்குள் இறங்கும் வேலையில் பாதுகாப்பு" என்று இருந்தது.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். என் எழுத்தில் ஒரு ஓட்டை இருக்காது என்று பஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். சாயங்காலம் பின் வரிசையில் படித்துக் காட்டினேன். நண்பன் தொட்டிக்குள் விழுகிறான். மேலே இருக்கிறவன் ஒரு கணம்கூட யோசிக்காமல் உள்ளே குதிக்கிறான், நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான், எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரன் தொடையைத் தட்டினான். "செம க்ளைமாக்ஸு நைனா! விழுறவன் நானு, குதிக்கிறவரு அண்ணன். அன்னிக்கி வுட்டத இன்னிக்கி புடிக்கட்டும்."

"நா எறங்க மாட்டேன்," என்றார் அண்ணன்.

"அன்னிக்கும் எறங்கல, இன்னிக்கும் எறங்க மாட்டியா?"

பஸ்ஸே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பேக்கிங் அக்காவும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஏன்டி, வருசா வருசம் ட்ரெய்னிங்ல மொத பாடமே இதானே? உள்ள வாயு இருக்கு, கருவி இல்லாம எறங்குனா எறங்குனவனும் காலி. ஊர்ல இருக்கற படத்துக்கெல்லாம் ஓட்ட கண்டுபுடிச்ச. உன் படத்துல ரெண்டு பொணம் கீது," என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு படத்தில் கிரேன் நகரும்போது சைரன் அடிக்கவில்லை என்று அதன் இயக்குநரை வாய்க்கு வந்தபடி பேசிய ஆள் நான். தோற்றுப்போன எரிச்சலில், "மேடையில ஒருத்தன் சும்மா நின்னுக்கினு இருந்தா யாரு பாப்பாங்கக்கா?" என்று கத்தினேன். அண்ணன் கவரைப்பேட்டையில் இறங்கும்போது வழக்கமாக எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். அன்றைக்கு அசைக்கவில்லை. மறுநாள் காலையில் ஏறியவர் முன்னால் தூங்குகிறவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் பின் வரிசையில் படப் பேச்சே எடுபடவில்லை. "கோவத்த பாரு," என்றான் ஃபோர்க்லிஃப்ட்காரன், ஆனால் கண் முன் வரிசையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் கேன்டீனில் அண்ணன் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராத கலை. "அன்னிக்கி இன்னாதான்ணா நடந்துச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ரெண்டு பசங்க உள்ள குதிக்க ஓடியாந்தானுங்க. தொட்டி வாய்க்குக் குறுக்க காலப் போட்டு உக்காந்துக்கினேன். ஒருத்தன் என் கையக் கடிச்சிட்டான்." முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைத் தழும்பைக் காட்டினார். "குதிக்கிறது ஈஸிம்மா. நானும் எழுந்துட்டேன் ரெண்டு வாட்டி. உக்காந்து கெடந்தேன் பாரு, அதான் முடியல."

"இத ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"அவன் சிரிக்க வச்சிக்கினு கீறான். வுடு."

எத்தனை தடவை பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறேன் என்று நினைத்தபோது என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் முடிவை அடித்துவிட்டு வேறு எழுதினேன். கதாநாயகன் இறங்க மாட்டான். அலாரத்தை அடிப்பான், தொட்டி வாயில் குறுக்கே கால் போட்டு உட்காருவான், குதிக்க வருகிற இரண்டு பேரைத் தடுப்பான், ஆட்கள் வருகிறவரை காத்திருப்பான். காத்திருக்கிற நேரத்தை நாலு நிமிஷம் வைக்கச் சொன்னார் அண்ணன். பேரம் பேசி ஒரு நிமிஷத்தில் நிறுத்தினேன். கடித்த விஷயத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரன் புது முடிவைப் படித்துவிட்டு, "சப்புன்னு கீது," என்றான். ஆனாலும் விழுவதற்கு ஒப்புக்கொண்டான்.

நாடகம் கேன்டீனில் நடந்தது. பெரிய அட்டைப் பெட்டிகளைக் கறுப்புத் தாளால் சுற்றி அக்கா ஒரு தொட்டி செய்திருந்தார், நிஜத் தொட்டி தோற்றுவிடும். ஃபோர்க்லிஃப்ட்காரன் அதற்குள் விழுந்து கண்ணை மூடினான். அண்ணன் அலாரத்தை அடித்துவிட்டுத் தொட்டி வாயில் குறுக்கே உட்கார்ந்தார். குதிக்க ஓடி வருகிற இரண்டு பேர் நானும் அக்காவும். மூச்சுக் கருவியோடு வர வேண்டிய ஆள் கேட் செக்யூரிட்டி. அந்த நேரம் பார்த்து கேட்டில் ஒரு லாரி வந்துவிட்டது. ஒரு நிமிஷம் ஆயிற்று, ஆளைக் காணோம்.

நான் எழுதிய வசனம் தீர்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்து விசில். "உள்ள போண்ணா! இன்னா குந்திக்கினு கீற!" என்று நடு வரிசைக்காரர்கள் கத்தினார்கள். எனக்கு வேறு வழி தெரியாமல் அண்ணனை மேலும் தள்ளினேன். அசையவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள்ளேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட ஆரம்பித்தார்.

நாடகத்தில் அந்தப் பாத்திரத்துக்கு நான் வைத்திருந்த பெயரைச் சொல்லி அல்ல. ஃபோர்க்லிஃப்ட்காரனின் சொந்தப் பெயரைச் சொல்லி. "டேய், தூங்காத. வந்துக்கினு கீறாங்க. இதோ வந்துட்டாங்க. டேய்..." திரும்பத் திரும்பப் பெயர், திரும்பத் திரும்ப அதே நாலு வார்த்தை. குரல் உடைந்தும் நிறுத்தவில்லை. விசில் நின்றது. முன் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் தலையைத் தூக்கினார். அக்கா தள்ளுவதை விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

செக்யூரிட்டி ஓடி வந்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை. அண்ணன் கேட்ட நாலு நிமிஷம் இருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட்காரனை வெளியே இழுத்தார்கள். மயங்கிக் கிடக்க வேண்டியவன் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான். லாஜிக் பார்த்தால் அதுவும் ஓட்டைதான். யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ். ஹெல்மெட்டை வைத்து டான்ஸ் ஆடிய பெயின்ட் ஷாப்புக்கு முதல் பரிசு. அதில் கதையே கிடையாது. வேறு நாளாக இருந்தால் நான் நடுவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் அண்ணன் பின் வரிசையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். ஃபோர்க்லிஃப்ட்காரன் பக்கத்தில் உட்கார்ந்து ஹாட்பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். சிப்காட் கேட் தாண்டின பிறகுதான் பேசினான்.

"அன்னிக்கும் இப்டித்தான் கூப்ட்டுக்கினு இருந்தியா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆமா. நீதான் ஒரு வாட்டிகூட 'இன்னா'ன்னு குரல் குடுக்கல."

நானும் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தில் காணாமல் போன அந்தத் தங்கச்சி எங்கே போயிருப்பாள் என்று வேண்டுமென்றே சத்தமாகப் பேசினோம். கவரைப்பேட்டை வந்தது. அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கினார். பஸ் நகர ஆரம்பித்ததும் ஃபோர்க்லிஃப்ட்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நைனா! இன்னா, கூப்ட்டியா?"

அண்ணன் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லடா. கீறியான்னு கேட்டேன்."

"கீறேன் நைனா," என்றான் அவன்.