தாரை வார்க்க உட்கார்ந்தேன்

வெள்ளிக்கிழமை பூஜையில நான் ஏன் எப்பவும் தூணோட தூணா நிக்கிறேன்னு நீங்களே கேட்டிருக்கீங்க. கால் வலின்னு சொல்லிச் சமாளிச்சேன். வலி காலுல இல்ல. இடுப்புக்கு அடியில, உள்ளுக்குள்ள. உட்கார்ந்தா முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி. ஒண்ணுக்குப் போனா எரியும். வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே பயம். இத யார்கிட்டச் சொல்றது?

ஜார்ஜ்டவுன்ல நான் ஏறாத கிளினிக் இல்ல. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னாங்க. நான் நம்பல. புத்துநோய மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். வீட்டுக்காரர் டாக்டர்கிட்டத் தனியா பேசினா அவர் மேலயும் சந்தேகம். கர்ப்பப்பைதான் இறங்கிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி, பிள்ளை பெத்தவங்களுக்கு மலாய்க்காரங்க கட்டுற பெங்குங் துணிய எடுத்து வயித்த இறுக்கிக் கட்டிக்கிட்டேன். போன்ல பார்த்து, ஒண்ணுக்க அடக்குற மாதிரி கீழ்த் தசைய இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி வேற. வலி கூடிச்சு. நான் இன்னும் இறுக்கினேன்.

அந்த நேரத்துலதான் மக கவிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. என் ஓரகத்தி வந்து, "நீ சிரமப்படாதம்மா. மணவறையில நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து தாரை வார்த்துக் குடுத்திடுறோம்லா"ன்னாங்க. இதுக்குன்னே காத்திருந்தாங்களோ என்னமோ. பெத்தவ நான் ஓரமா நிக்கணுமாம்.

அன்னிக்குச் சாமி மேடை முன்னாடி நின்னு அம்மன்கிட்டச் சண்டையே போட்டேன். "நீ இருக்கியான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. இருந்தா, என் மகளத் தாரை வார்க்கிற வரைக்கும் என்னை உட்கார வை. வேற எதுவும் கேட்க மாட்டேன்." சொல்லிட்டு அழுதேன்.

அந்த வாரமே ஒரு லேடி டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் குடுத்தாங்க. தட்டிக் கழிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் போனேன். அங்க ஒரு மலாய்க்காரப் பொண்ணு. என்னைக் கேட்டுட்டு, உள்ள ஒரு இடத்த விரலால தொட்டாங்க. உயிரே போயிடுச்சு. "இந்த வலிதானே அக்கா? இது உண்மையான வலி. தசை தளரல, இறுகிக் கிடக்கு. நீங்க அதுக்கு மேல இறுக்குறீங்க. துணிய அவுத்துப் போடுங்க. மூச்ச விடுங்க"ன்னு மலாய்ல சொன்னாங்க. என் வலிய ஒருத்தர் நம்பினது அதுதான் முதல் தடவை. அம்மன் மலாய்லயும் பதில் சொல்லுவான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அப்பவும் துணியத் தூக்கிப் போடல, அலமாரியில மடிச்சு வச்சேன். போகப் போக வலி குறைஞ்சுது.

கல்யாணத்தன்னைக்கு ஓரகத்திதான் பலகை மேல குஷன் கொண்டாந்து வச்சாங்க. அதையும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன். ஐயர் மந்திரத்த நீட்டிக்கிட்டே போனாரு. இப்ப வரும், இப்ப வரும்னு வலிக்காகக் காத்திருந்தேன். மூச்ச அடி வயிறு வரைக்கும் இழுத்து விட்டேன். செம்புத் தண்ணிய நானே ஊத்தினேன். கவிதா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா.

இன்னும் சில நாள் வலி எட்டிப் பார்க்கும். பொய் சொல்ல மாட்டேன். உங்கள்ல யாராவது வெக்கப்பட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தா, அம்மன்கிட்டக் கேளுங்க, டாக்டர்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லுங்க. முழு நம்பிக்கை வரட்டும்னு காத்திருக்காதீங்க. சந்தேகத்தோடயே போங்க, நான் அப்படித்தான் போனேன். இன்னிக்கு இத்தனையும் உங்க நடுவுல தரையில உட்கார்ந்துக்கிட்டுத்தான் சொல்றேன், பாருங்க.