மூன்றாம் தண்ணீர்

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகியபோது வீட்டுக்குள் இருந்தவர்கள் என் அக்கா, அவளுடைய மாமியார், கூடத்தில் வாழையிலையில் படுத்திருந்த அக்காவின் மூத்த மகன், தூளியில் கிடந்த ஐந்து மாதப் பெண் குழந்தை, அப்புறம் நான். இல்லாதவர் மச்சான். அவர் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்; மகளின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. பக்கத்து ஊரில் சர்க்கார் பிள்ளைப்பேற்று நிலையத்தில் வேலை பார்த்த நர்சம்மாவும் அந்த நேரத்தில் அங்கே இல்லை. அவர் சாயங்காலம்தான் வந்தார். பையனுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. இலை செருகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக் கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று குளத்தூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்துக்கு வந்திருந்த நானும் அப்படித்தான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷத்துக்குமேல் ஆகியிருந்த காலம் அது. சட்டம் மாறியிருந்தது, சாலையில் பஸ் வந்திருந்தது. ஆனாலும் அம்மை வந்த வீட்டில் ஆத்தாளின் சட்டம்தான். தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, கத்தியும் அரிவாளும் யார் கண்ணிலும் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ரத்தம் காட்டக் கூடாது. அம்மை இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை, நாள் பார்த்து மூன்று தடவை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா வீட்டைவிட்டுப் புறப்பட்டதாகக் கணக்கு. அதுவரை அந்த வீடு அவளுடையது.

நர்சம்மா திருச்சிக்காரர், கிறிஸ்தவர், நாற்பதை ஒட்டிய வயது. நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில், கறுப்புக் குடையோடு அவர் வரப்பில் வருவதைப் பார்த்ததும் பிள்ளைகள் "ஊசிக்காரி வாராடோய்!" என்று சிதறி ஓடும். "ஓடாதீங்கடா, பையில ஓமந்தான் இருக்கு" என்று சிரிப்பார். பொய்யில்லை. அவர் பையில் பாதி சர்க்கார் கொடுத்தது, பாதி வழியில் பறித்தது. சளிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு என்பார். காமாலைக்கு யாராவது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டிருந்தால் தடுக்க மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து, வேறு என்ன சாப்பிடலாம், என்ன ஆகாது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வருவார். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட நொச்சியும் புளிய இலையும் போட்டுப் பானை கொதிக்குமே, தொப்புள்கொடி அறுக்கிற பிளேடையும் கட்டுகிற நூலையும் துணியில் முடிந்து அதே பானைக்குள் இறக்கிவிடுவார். தனியாக அடுப்பு மூட்டி இரும்பைக் கொதிக்கவைத்தால் பெண்டுகள் மிரளுவார்கள். இலையோடு இலையாகக் கொதித்தால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. "மொதல்ல அவங்க பச்சிலைய நான் கையில வாங்கிக்கிறேன் தம்பி. அப்பறம் எம் மாத்திரைய அவங்க வாங்காமப் போயிருவாங்களா?" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அந்த ஒரு வழியை வைத்துக்கொண்டுதான் சுற்றுவட்டாரத்தில் அத்தனை வீட்டுக்குள்ளும் அவர் நுழைந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் வெள்ளைச் சேலையில் வரவில்லை. கிணற்றில் குளித்துவிட்டு, மஞ்சள் நனைத்த பழைய நூல்சேலை ஈரத்தோடு, தலைமுடியை அள்ளி முடிந்து, கையில் வேப்பிலையோடு வாசலுக்கு வெளியே நின்றார். அக்காவின் மாமியார் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு கேட்டார்.

"வேதக்காரிக்கு எங்க ஆத்தா வீட்ல என்ன சோலி?"

"ஆத்தா வந்திருக்கான்னு சொன்னாங்க. எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க."

"செருப்பு?"

"புளியமரத்தடியில கெடக்கு. நாய் தூக்கிட்டுப் போகாம இருந்தாச் சரி."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மை வீட்டில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்.

நர்சம்மா பையனைப் பார்த்தார். பிறகு தூளியைப் பார்த்தார். "சின்னதுக்கு அம்மைப்பால் குத்தியிருக்கா?" என்றார். இல்லை. அம்மைத் தடுப்பு குத்துகிறவர் ஊருக்கு வந்த நாளில் குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை பார்க்கலாம் என்று அக்கா கடலைக் காட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "இப்பக்கூடக் குத்தலாம். மேல படறதுக்குள்ள குத்திட்டா அம்மை நின்னுக்கும். கையில ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான்" என்று நர்சம்மா சொல்லி முடிப்பதற்குள் மாமியாரின் முகம் மாறிவிட்டது. "அவ வந்து ஒக்காந்திருக்கா. அவ கண்ணு முன்னாடி பச்சப்புள்ள ரத்தத்தக் காட்டச் சொல்றியா? பெரியவன நான் உயிரோட பாக்க வேணாமா?" அக்கா மூத்தவனின் தலைமாட்டைவிட்டு எழுந்திருக்காமல், "மூணாந்தண்ணி ஊத்துனதும் குத்திருவோம் நர்சம்மா. நானே தூக்கிக் குடுக்கிறேன்" என்று கடைசியில் சொன்னாள்.

நர்சம்மா தலையாட்டினார். கொல்லைக் கிணற்றடியில் அவர் கை கழுவும்போது நான் போய் நின்றேன். அம்மை குத்துவதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டிலேயே எழுத்தறிந்தவன் நான் ஒருவன்தான்; அந்தத் தைரியத்தில், "கட்டாயப்படுத்திக் குத்திட்டா என்னங்க?" என்று கேட்டேன். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குத்திரலாம். நாளைக்கு இந்தக் கதவு தொறக்காது. உள்ள கெடக்கிற பையனுக்குக் கண்ணத் தொடச்சுவிடறது யாரு, தண்ணி குடுக்கச் சொல்றது யாரு? அவன் பொழைக்கணும்ல."

தினமும் வந்தார். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பையனின் இமைகளைப் பிரித்துவிட்டார். சீழ் கட்டின இடங்களில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து மயிலிறகால் தொட்டுத் தடவியது மாமியார். அந்த அம்மியை முதலில் வெந்நீர் விட்டுக் கழுவச் சொன்னது நர்சம்மா. ஊரார் வாசலில் வைத்துவிட்டுப் போன இளநீரை மணிக்கொரு தரம் சங்கில் ஊற்றிப் புகட்டச் சொன்னார். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் அக்கா குளித்துச் சேலை மாற்ற வேண்டும், தூளியைப் பின்கட்டில் கட்ட வேண்டும் என்றார். அதையும் ஆத்தாளுக்குச் சுத்தம் என்று சொல்லித்தான் செய்யவைத்தார். போகும்போதெல்லாம் பின்கட்டில் நின்று தூளித் துணியை விலக்கி ஒரு பார்வை பார்ப்பார். அது அவரைப் பார்த்துச் சிரிக்கும். காலை உதைத்துக்கொண்டு, உதட்டில் எச்சில் குமிழ் விடும். "வாயாடி" என்பார். சிரிக்காமல் வெளியே போவார்.

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். பையன் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டான். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று வாசலில் கூழ் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தார் மாமியார். "இனிமே அந்த அம்மா ஊசியோட வரட்டும்" என்று அவரே சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலையில் நர்சம்மா வெள்ளைச் சேலையில் வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கில் அம்மைப்பால். அக்கா வாக்குத் தவறவில்லை. குழந்தையை மடியில் வைத்து அதன் இடது கையைச் சட்டையிலிருந்து உருவி, "குத்துங்க நர்சம்மா, அதான் தண்ணி ஊத்தியாச்சே" என்று நீட்டினாள். நர்சம்மா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே இருந்தார். பிறகு நெற்றியில் கை வைத்தார், வயிற்றில் கை வைத்தார். அது அன்றைக்குச் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் ஊசியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அக்கா நீட்டிய சின்னக் கையைச் சட்டைக்குள் நுழைத்து, முடிச்சுப் போட்டுவிட்டார். "ஏன், என்னாச்சு?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமியார்தான் முதலில் புரிந்துகொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

மறுபடி வேப்பிலை செருகினோம். அதே மரத்து இலை, அதே மஞ்சள், அதே பஞ்சு. அம்மை முத்து முழுசாகக் கிளம்பவில்லை. ஒரு வாரம் தாங்கவில்லை குழந்தை.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் அக்காவுக்கு மார் கட்டிக்கொண்டு நெருப்பாய்க் காந்தியது. பால் வடிந்து ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை போனவளுக்கு மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும். நர்சம்மா என்னைக் குளிக்கச் சொல்லி, வெந்நீரில் துவைத்துக் காயவைத்த வேட்டியைக் கட்டச் செய்து, பூ வாங்கிவரக் குளத்தூருக்கு அனுப்பினார். பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பூவா? என்ன தம்பி, வீட்ல விசேஷமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்படின்னா ஒரு மொழம் சேத்தே தாரேன், கொண்டு போ" என்று அளந்து போட்டார்.

உள்ளே நர்சம்மா பூவைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது நான் கதவுக்கு வெளியே பையனோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் குரல் கேட்டது.

"பெரியவனுக்குக் கேட்ட வேப்பெலை இவளுக்கு ஏன் கேக்கல?"

கட்டுத் துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நர்சம்மா சொன்னார்: "வேப்பெலை அவனக் கொணப்படுத்தலம்மா. புண்ணு அழுகாமப் பாத்துக்கிச்சு, அரிப்பக் கொறச்சுச்சு. அவன் பொழச்சது அவன் ஒடம்போட பலம்."

"இத மொதல்லயே சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா என்னய உள்ள விட்டிருப்பீங்களா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "விட்டிருக்க மாட்டோம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு பேரும் அழுத சத்தம் ஒன்றாகக் கேட்டது. எது யாருடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் இப்போது விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மூத்தவன் அம்மைத் தழும்போடு என்னிடமே படிக்கிறான். அம்மை குத்துகிறவர்கள் வரும்போது மற்றப் பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே கையை நீட்டுகிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். நர்சம்மாவை வேறு தாலுகாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குமுன் கடைசி நாட்களில், அம்மை கண்ட வீடுகளுக்கு அவர் வெள்ளைச் சேலையிலேயே போனார் என்றும், வாசலில் நின்றபடி முதல் வார்த்தையாகக் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார் என்றும், எத்தனையோ வீடுகளில் கதவைச் சாத்தினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சாத்தின கதவுக்கு வெளியே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாராம்.

மச்சான் மறுவருஷம் ஊருக்கு வந்தார். என்ன நடந்தது என்று யாரையும் கேட்கவில்லை. செலவுக்கு யாரிடமாவது கடன் வாங்கினீர்களா என்று மட்டும் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். வேப்பிலை கொல்லை மரத்தில் இருந்தது. இளநீர் ஊரார் கொடுத்தது. அம்மைப்பாலைச் சர்க்கார் இனாமாகத்தான் கொடுக்கிறது. கையைவிட்டுப் போன காசு, மல்லிகைப் பூவுக்கு நாலணா.