லேப்டாப் நின்றுபோகும் இடம்

ஆர்விட் லெஹ்தோ எதையும் லேசில் பழுது என்று ஒப்புக்கொள்கிறவர் இல்லை. வடக்கே, ஏரிக்கரை ஊரான முனிசிங் வட்டாரச் சாலைகளில் ஓய்வு பெறும்வரை பனி வாரும் லாரி ஓட்டியவர். வண்டி திணறினால் முதலில் ஓட்டுகிறவன் மேல்தான் சந்தேகப்படுவார். லேப்டாப் விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தார். குற்றம் இயந்திரத்தின் மேல் என்று உடனே நம்பிவிட்டார். ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினோம் என்று மனிதன் தன்னைக் கேட்டுக்கொள்வது, நம்பிக்கை உடைந்த பிறகுதான்.

ஞாயிறுதோறும் தெற்கே பீனிக்ஸிலிருந்து மகள் கேரின் வீடியோவில் பேசுவாள். பேச்சு நன்றாகத்தான் போகும். திடீரென்று அவள் முகம் அப்படியே நின்றுவிடும், வாய் பாதி திறந்தபடி. கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துபோகும். பிறகு கைபேசிக்கு ஒரு செய்தி வரும்: "உங்க லேப்டாப் மறுபடி ஹேங் ஆயிடுச்சு. ரேம் பத்தல. கூடப் போடுங்கப்பா."

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மார்சி கங்காஸ் கடைக்குப் போனார். தூண்டில் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கணினி பழுது பார்ப்பவள் அவள். அவள் வீட்டுச் சாலையில் அவர்தான் பனி வாரிக்கொண்டிருந்தார். அந்த உரிமையில் இருவரும் கிண்டலாகப் பேசிக்கொள்வார்கள்.

"வாங்க பெரியவரே. என் தபால் பெட்டியைச் சாச்ச பாவத்துக்கு மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"அது பெட்டி தப்பு. ரோட்டுல நின்னுச்சு. இதுக்கு ரேம் கூடப் போடணும், எட்டு ஜிபி இருக்காம். பதினாறாக்கு."

அவள் திறந்து பார்த்தாள். "இதுல என்ன பண்றீங்க?"

"வானிலை பாப்பேன். பேப்பர் படிப்பேன். பொண்ணுகூடப் பேசுவேன்."

"இதுக்கு எட்டே ஜாஸ்தி. இன்னொன்னு போட இடம் இருக்கு, போடலாம். ஆனா ஒரு வித்தியாசமும் தெரியாது. வீடியோ எடிட் பண்றீங்களா, கேம் ஆடுறீங்களா? எதுக்கு வீணா?"

"நிக்குதே."

அவள் தன் கைபேசியிலிருந்து அவருடைய லேப்டாப்புக்கு வீடியோவில் அழைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்று பேச ஆரம்பித்தாள். மான் வேட்டை, அவளுடைய முன்னாள் கணவன், மீனே சிக்காத ஏரி எல்லாம் பேசி முடித்தாள். படம் ஒரு தடவை கூட நிற்கவில்லை.

"பாத்தீங்களா? என் மூஞ்சியவே தாங்குது."

"அவகிட்ட மட்டும் நிக்குது," என்றார் ஆர்விட் பிடிவாதமாக.

"அப்ப அந்தப் பக்கம் கோளாறா இருக்கும். சரி, ஒண்ணு பண்ணுங்க." திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். "ரேம் எவ்வளவு ஓடுதுன்னு இது காட்டும். ஞாயித்துக்கிழமை நிக்கும்போது இதப் பாருங்க. மேல முட்டிக்கிட்டு நின்னா சொல்லுங்க, போட்டுத் தரேன். அது எப்ப நிக்குதுன்னும் கவனிங்க. எதைத் தொட்டா நிக்குதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அவருடன் வந்தது. எப்போது நிற்கிறது? வானிலை பேசும்போது நின்றதில்லை. நாயைப் பற்றிப் பேசும்போது நின்றதில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால் தெரிவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. ஞாயிறு வரட்டும் என்று தள்ளிவைத்தார்.

மனைவி டோரீன் இறந்து இரண்டாவது குளிர்காலம் முடிந்துகொண்டிருந்தது. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து என்னை ஏரியில் கரைத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனவள். அஸ்திப் பெட்டி படுக்கையறை அலமாரியில் இருக்கிறது. அம்மா கண்ணை மூடிய நாளில் கேரினின் விமானம் பனியில் மாட்டி வழியில் டெட்ராய்ட்டிலேயே நின்றுவிட்டது. இறுதிப் பிரார்த்தனைக்கு வந்தாள். அது முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் கூடிக் காப்பி குடித்தபோது கூட உட்காராமல் திரும்பிப் போனாள். பிறகு வடக்குப் பக்கமே வரவில்லை. அவர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். அதட்டியதில்லை, அழுததில்லை. வெறுமனே கேட்பார்.

அந்த ஞாயிறும் கேட்டார்.

"ஐஸ் உருக ஆரம்பிச்சிடுச்சு. இந்தத் தடவ வர்றியாம்மா? அம்மாவ ஏரில விட்டுடலாம்."

கேரினின் முகம் நின்றது. வாய் பாதி திறந்தபடி.

ஆர்விட் பட்டையைப் பார்த்தார். அது பாதிக்குக் கீழே அமைதியாக இருந்தது. பிறகு திரையைப் பார்த்தார். இத்தனை நாளும் அவள் முகத்தை மட்டுமே பார்த்து, "கேரின், கேக்குதா, கேரின்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், முதல் முறையாக அவளுக்குப் பின்னால் பார்த்தார். கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கூப்பிடவில்லை. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுப் பெண், சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பாளே, அதே மாதிரி. கண் ஓரம் லேசாகத் துடித்தது. அவளை இவ்வளவு நேரம் முழுசாகப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. கன்னம் வற்றியிருந்தது. டோரீனுக்கும் கடைசியில் அப்படித்தான் வற்றியது. பொய் சொல்கிற முகத்தில் கள்ளத்தனம் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். இதில் பயம்தான் இருந்தது.

இணைப்பு அறுந்தது. செய்தி வந்தது: "மறுபடி ஹேங். ப்ளீஸ், ரேம் போடுங்கப்பா."

திங்கட்கிழமை மார்சி ரேமை வரவழைத்து வைத்திருந்தாள். சின்னப் பச்சைத் தகடு, பிளாஸ்டிக் உறையில்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"பட்டை?"

"பாதிகூட இல்ல."

"அப்ப அவங்க லைன்தான். அவங்கள மோடத்தை மாத்தச் சொல்லுங்க." உறையைத் தூக்கிக் காட்டினாள். "இதத் திருப்பி அனுப்பிடவா? இல்ல, பொண்ணு திருப்திக்குப் போட்டு வைக்கவா? அப்புறம் உங்க பக்கம் குத்தமே சொல்ல முடியாது."

ஆர்விட் அந்தத் தகட்டையே பார்த்தார். போட்டுவிட்டால் கேரினுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அடுத்த ஞாயிறு கேள்வி வரும்போது ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. ஒளிய இடமில்லாதவள் பேசவே வராமல் போய்விடுவாள். உண்மையைத் தெரிந்துகொண்டவனுக்கு அதை எல்லாரிடமும் சொல்லிவிடத் தோன்றும். அதைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்கும் ஒரு பலம் வேண்டும். தன்னிடம் அது இருக்கிறதா என்று அவருக்கு நிச்சயமில்லை.

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"நிக்குதேன்னு நீங்கதானே வந்தீங்க?"

"நிக்கட்டும் மார்சி."

அவள் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் லேப்டாப்பைத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கேரின் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "ரேம் போட்டாச்சாப்பா?"

"இது பழசாம். கூடப் போட முடியாதுன்னுட்டா. அப்பப்ப நிக்கத்தான் செய்யும். நின்னா நீ பாட்டுக்கு வச்சிடு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"சரிப்பா," என்றாள் மெல்ல.

நாய் பக்கத்து வீட்டு மீனைத் திருடியதை அவர் சொன்னார். அவள் சிரித்தாள். வேலையிடத்தில் தன் மதியச் சாப்பாட்டை ஒருத்தி தினமும் எடுத்துத் தின்பதாகச் சொன்னாள். "பேரெழுதி வை," என்றார். "எழுதினாலும் திங்கறாப்பா. 'கேரின், உப்பு கம்மி'ன்னு சீட்டு வேற வைக்கறா." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பேச ஒன்றும் இல்லாத ஓர் இடம் வந்தது. வழக்கமாக அவர் கேட்கும் இடம்.

கேரின் தலையைக் குனிந்துகொண்டாள். "ஏரி உருகிடுச்சாப்பா?"

ஆர்விட் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. புதன்கிழமையே கடைசி ஐஸ் தட்டுகள் விலகி, கரைவரை நீலமாகத் தண்ணீர் கிடந்தது. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதற்குத்தான் வழி விடுகிறாளா, அல்லது பயந்துகொண்டே எட்டிப் பார்க்கிறாளா? அவரால் சொல்ல முடியவில்லை.

"இன்னும் இல்லம்மா," என்றார். "இந்த வருஷம் லேட்டாகும் போலருக்கு."

அவள் தோள் தளர்ந்தது. நிம்மதியா, ஏமாற்றமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் ஒரு தடவை கூட நிற்கவில்லை.