புகை பார்க்கும் முத்துநாயகம்

"சிலுவைக்க வண்டி வருது. எடத்து மாடு நொண்டுது," என்று பாறைமேல் இருந்தபடி சொல்லிவிட்டு, முத்துநாயகம் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளுகிறார். வண்டியும் கண்ணுக்குத் தெரியாது, மாடும் தெரியாது. பனைகளுக்கு மேலே செம்மண் தூசி மட்டும் ஒரு பக்கம் கனத்து எழும்புகிறது. கொஞ்சம் கழித்து சிலுவையின் வண்டி வந்து சேர்கிறது. இடப்பக்க மாடு நொண்டத்தான் செய்கிறது. அந்த மாட்டுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

நம்முடைய திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காட்டுத்தீயைக் கவனிக்க இவரை நியமித்து, ஒரு காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் தந்திருக்கிறது. காடோ இவர் பதவியேற்ற நாள்முதல் மரியாதையாக நடந்துகொண்டு ஒரு தடவைகூடத் தீப்பிடிக்கவில்லை. கிடைத்த சம்பளத்தை வீணாக்கக் கூடாதென்று இவர் ஊர்க்கூரைகளைக் கவனித்துக்கொள்கிறார்.

"அதா, நேசபாய்க்க மருமவ இண்ணைக்கும் ஈர வெறகு வச்சு ஊதுகா. மாமியாளுக்குக் கண்ணு கலங்கணும்லா."

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது ஊர் வழக்கம். ஆகவே புகையில்லாத கூரையைக் கண்டால் முத்துநாயகம் விசில் ஊதிவிடுவார். போன வருஷம் பொன்னுலிங்கத்தின் கூரை காலையிலும் சும்மா கிடந்தது, மத்தியானமும் சும்மா கிடந்தது. விசில் ஒலித்தது. கோடித்துணியும் சங்குமாக ஊரே போய்ச் சேர்ந்தபோது, பொன்னுலிங்கம் முற்றத்தில் நின்று முதுகு சொறிந்துகொண்டிருந்தார். ரேஷன் அரிசி வரவில்லை. உலை வைக்க வீட்டில் ஒன்றுமில்லை. அதைச் சொல்ல நாக்கு கூசி, "எல்லாருக்கும் வயிறு செரியில்ல," என்றார். அன்றுமுதல் அரிசியில்லாத வீடுகளிலும் வேளாவேளைக்குச் சருகை எரித்துப் புகை விடுகிறார்கள். ஊர் செழித்துவிட்டதாக முத்துநாயகம் மேலதிகாரிக்குச் சொல்லியனுப்பியதாகக் கேள்வி.

எல்லார் வீட்டுக்கும் வாய் திறக்கிற மனுஷர், புளியமரத்தடி ஓட்டுவீட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. அது அவருடையது. மாசியில் மனைவி தாணம்மாள் இறந்தபின் வீட்டைப் பூட்டி, தாக்கோலை அரைஞாணில் முடிந்துகொண்டு, பாறைமேல் குடிசைக்கு வந்துவிட்டார். அந்தப் பூட்டிய வீட்டின் அடுப்படி ஓட்டிலிருந்து உச்சிப்பொழுதில் புகை எழும்புகிறது. கீழே நிற்பவர்களுக்கு மரம் மறைக்கும். காற்றில் ஊர்ப் புகையெல்லாம் கணவாயைப் பார்த்துப் படுத்துப் போகும்போது, அது மட்டும் சாயாமல் நிற்கிறது. முதலில் மெலிசாக வந்து, பிறகு கனத்து, சோறு வடிக்கிற நேரத்துக்கு அடங்கிவிடுகிறது. தாணம்மாள் தீ எரிக்கிற விதமும் அதுதான்.

அவருக்கு மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு ஏறுகிறவள் பக்கத்து வீட்டு ராகேல். நேற்று அவளும் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அது ஒங்களுக்க வீடுல்லா?"

"ம்."

"உள்ள ஆரு இருக்கா?"

"பூட்டிக் கெடக்கு."

"பூட்டின வீட்டுல பொகை எப்பிடி வரும்? தாக்கோலத் தாங்க. நான் போய்த் தொறந்து பாக்கேன்."

முத்துநாயகத்தின் கை இடுப்புக்குப் போனது. "வேண்டாம் பிள்ளே. தொறந்து, அது நிண்ணு போச்சுன்னா?"

"கள்ளன் எவனாவது ஏறியிருந்தாம்னா?"

"கள்ளனுக்கு இப்பிடித் தீ எரிக்கத் தெரியுமாட்டி?"

ராகேல் வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். கீழே, சோறு வடிக்கிற நேரத்துக்கு, புகை மெலிந்து, ஓட்டுக்குள் இறங்குவதுபோல் அடங்கியது. காற்று என்னவோ அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் அவசரமாக வாழையிலைப் பொதியை அவர் முன்னால் வைத்தாள்.

"ஆறிப்போவும், தின்னுங்க. நான் எறங்கணும்."

முத்துநாயகம் ஓட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பொதியை அவிழ்க்காமல், புறங்கையால் மெதுவாக அவள் பக்கமே தள்ளி வைத்தார்.