கேட் கம்பியில் தொங்கிய குடை

கேட்டுக்காரரே...

மழைக்காலத்தில் உங்கள் காக்கிச் சட்டை காயவே காயாது. ஈரத்தோடு இஸ்திரி போடுவேன். சூடு பட்டதும் ஒரு வாடை எழும்புமே... இன்று பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அதே வாடை வந்தது. கை வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜில் செக்யூரிட்டியாக இருந்தார். பேர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. கேட்டுக்காரரே என்றுதான் கூப்பிடுவேன். போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

அந்தக் காலேஜில் ஸ்டிரைக் அடிக்கடி வரும். வெளியாட்கள் கோஷம் போட்டு உள்ளே நுழைந்தால் வகுப்பு நின்றுவிடும். மாடியில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சருக்கு அதுதான் பெரிய கவலை. போர்ஷன் முடியாவிட்டால் பிரின்சிபல் அவரைத்தானே கேட்பார்?

அதனால் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ரோட்டில் பிரச்சினை இல்லை என்றால் இவர் தன் கறுப்புக் குடையைக் கேட் கம்பியில் தொங்கவிடுவார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். குடை இருந்தால் பாடம் நடக்கும். குடையைக் காணோம் என்றால் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் இவருக்குச் சோறு கொண்டுபோனேன். திரும்பும் நேரம் மழை பிடித்துக்கொண்டது.

"நனைஞ்சிட்டா போவ? இன்னா, கொடையப் பிடி."

"உங்களுக்கு?"

"எனக்குக் கேபின் இருக்குல்லா. பேசாம போ புள்ள."

ரோட்டைக்கூடத் தாண்டவில்லை... பக்கத்துச் சந்தில் பிள்ளைகள் திபுதிபுவென்று ஓடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் டீச்சர் கையில் சாக்பீஸோடு கேட்டுக்கு ஓடி வருகிறார். நானும் பயந்துபோய்த் திரும்ப வந்தேன்.

"எந்தா சேட்டா பிரஸ்னம்? ஆளுகள் எவிடே?"

என்ன பிரச்சினை, ஆட்கள் எங்கே என்று கேட்டால் இவர் முழித்தார். கம்பியைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சரே... மழை. இவ நனைவாளேன்னு..."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ இன்னைக்கு ஸ்டிரைக் நடத்தினது சேச்சியாணோ?"

மூன்று பேரும் மழையில் நின்று சிரித்தோம்.

மறுநாள் எனக்கென்று ஒரு பூப்போட்ட குடை வாங்கி வந்தார். "டீச்சரு பாடமும் முடங்கண்டாம், நீயும் நனையண்டாம்" என்று கையில் கொடுத்தார்.

இப்போது அந்தக் கேட்டில் கேமரா. கார்டு காட்டினால் கதவு திறக்கிறது. கம்பெனி அனுப்பும் ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள். போன வாரம் சாலை பஜாரில் டீச்சரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேமரா நல்லதுதான் சேச்சி. ஆனா ரோட்டில ஒரு சத்தம் கேட்டா, எழுதிட்டிருக்கிற கை நின்னு போவும். கண்ணு ஜன்னல் வழியா அந்தக் கம்பியத்தான் நோக்கும்."

எனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்...

பூப்போட்ட குடை எப்போதோ ஒடிந்துவிட்டது. உங்கள் கறுப்புக் குடையை நம் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். அது அங்கே இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. அதை எடுக்க மனம் வராமல் நனைந்துகொண்டே கடைக்குப் போய் வருகிறேன்.

இன்றும் மழை விடவில்லை. பால் வாங்கப் போக வேண்டும்.

கேட்டுக்காரரே... அந்தக் குடையை எடுக்கட்டுமா?