முடிஞ்ச மாதிரிதான்

என் தம்பியைத் திட்டுவதற்கு நான் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அவனைவிட எட்டு வயது மூத்தவள். அவனுக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது. ஆனால் இது அவன் கதை இல்லை, அவன் பெண்டாட்டியின் கதை. அவளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாலே இவன்தான் குறுக்கே வந்து நிற்கிறான், நான் என்ன செய்ய?

அவள் ஒரு லிஃப்ட் கம்பெனியில் போன் எடுக்கிறவள். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோகும். உள்ளே மாட்டிக்கொண்டவர் பட்டனை அழுத்திக் கூப்பாடு போடுவார். அந்தக் கூப்பாடு இவள் காதில் வந்து விழும். "பதறாதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க. உங்ககூட யாரு இருக்காங்க? குழந்தை இருக்கா? சரி, அதுகிட்ட போனைக் கொடுங்க, நான் பேசறேன்." இப்படிப் பதினோரு வருடம். கெட்ட வார்த்தையில் திட்டுகிறவரிடம்கூட ஒரு சுருதி ஏறாமல் பேசுவாள். லிஃப்ட்காரி என்றுதான் நான் கூப்பிடுவேன். நானோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில், காலடியில் எனக்கென்று ஒரு தனிப் பிரேக்கோடு உட்கார்ந்து, நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். அவளுக்காகவும் சேர்த்து நான் கத்துகிறேன், அதுதான் விஷயம்.

என் தம்பிக்கு நில அளவைத் துறையில் வேலை. ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுப்பான். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கண்ணும் கையும் எங்கே போகுமோ தெரியாது. வீட்டில் எதுவாக இருந்தாலும் தானே செய்ய வேண்டும் என்று ஒரு வெறி. ஆரம்பிக்கும்போது பார்க்க வேண்டுமே, அடேயப்பா! காதில் பென்சில், இடுப்பில் பை, வாயில் ஆணி. பாதியில் அப்படியே கிடக்கும். கேட்டால், "முடிஞ்ச மாதிரிதான்" என்பான். சமையலறை அலமாரிக்குக் கதவு வரவில்லை, முடிஞ்ச மாதிரிதான். கூடத்துச் சுவரில் மூன்று பக்கம் பச்சை, ஒரு பக்கம் பழைய மஞ்சள், முடிஞ்ச மாதிரிதான். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றே ஒன்றை மட்டும் முழுசாகச் செய்வான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் அநியாயக்காரி ஆகிவிடுவேன். இருவருக்கும் வெளிநாடு போக வேண்டும் என்று ஆசை, கையில் வசதி இல்லை. அதனால் கல்யாணமான புதிதில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வீடு ஒரு நாடாக மாறிவிடும். ஜப்பான் என்றால் சாப்பாட்டு மேசையின் கால்களைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து குச்சியால் சாப்பிடுவார்கள். நார்வே என்றால் ஜன்னல் கம்பியில் பஞ்சு ஒட்டி, மின்விசிறிக்கு முன்னால் ஐஸ் தட்டு வைத்து, போர்வைக்குள் நடுங்குவார்கள். அந்த நாட்டு மொழியில் நான்கு வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும், அந்த நாட்டுப் பாட்டுக்கு ஆட வேண்டும், வீட்டு வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. "எங்க ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டே இல்ல அண்ணி, பதினாலு நாடு பார்த்தாச்சு" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவனைப் பல தடவை சும்மா விட்டிருக்கிறேன். மேசைக் காலைத் திரும்ப மாட்ட ஒரு மாதம் ஆனது, அது வேறு விஷயம்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோதுதான் வினை ஆரம்பித்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படி ஏறக்கூடாது, இரத்தம் பட்டால் உடனே வர வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் கீழே கூடமும் சமையலறையும், மாடியில் படுக்கையறையும் பாத்ரூமும். கட்டிலைக் கீழே இறக்கிவிடலாம், பாத்ரூமை இறக்க முடியுமா? வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாள் என்று பெற்றவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் பதினாறு படி.

"படிக்கு அடியில சாமான் அறை இருக்குல்ல, அதை பாத்ரூம் ஆக்கிடறேன். ரெண்டு வாரம், அவ்வளவுதான்" என்றான் தம்பி.

"ஒரு கொத்தனாரைக் கூப்பிடுடா."

"வெளி ஆள் எதுக்குக்கா? நான் எதுக்கு இருக்கேன்?"

முதல் வாரம் தரையை உடைத்தான். இரண்டாம் வாரம் உடைத்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் வாரம் எனக்குப் பொறுக்காமல் நானே ஒரு குழாய்க்காரரை அழைத்துப் போய்க் குழாயும் கழிவுநீர்ப் போக்கும் போட வைத்தேன். துரை என்ன சொன்னார் தெரியுமா? "பார்த்தியாக்கா, பாதிக்கு மேல ஆயிடுச்சு" என்று நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அட்டைப்பெட்டி பிரிக்காத கழிப்பறைப் பீங்கான் கூடத்தின் நடுவில் இரண்டு மாதம் கிடந்தது. அதன்மேல்தான் செய்தித்தாள் வைப்பார்கள்.

அதற்கப்புறம் செய்தானே ஒரு காரியம், அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கூசுகிறது. புதுக் கதவு எதற்கு, மாடி பாத்ரூம் கதவு நல்ல கதவு, அதை அறுத்துக் கீழே மாட்டிவிடலாம் என்று கழற்றினான். கீழே வாசலை அளந்தது ஒரு டேப்பில், கதவில் கோடு போட்டது இன்னொரு டேப்பில். அந்த இரண்டாவது டேப்பின் முனை என்றைக்கோ ஒடிந்துபோய், அதில் எண்ணே பத்து சென்டிமீட்டரில்தான் தொடங்கும். இவன் அதைப் பார்க்காமல் ஒடிந்த முனையைச் சுழியம் என்று வைத்து அறுத்துவிட்டான். வாசலில் நிறுத்தினால் ஓரத்தில் என் கை முழுசாக நுழைகிறது. கீழேயும் கதவு இல்லை, மேலேயும் கதவு இல்லை. ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நடுகிறவன் லட்சணம் இது!

மாடி பாத்ரூமுக்கு ஒரு படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டார்கள். உள்ளே இருந்தால் இருமிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் தாழ்ப்பாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது அவன் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் மாடியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரி ஏழு மாத வயிற்றோடு பதினாறு படி ஏறி, விரிப்பைப் பார்த்து, அவர்களைப் பார்த்து, திரும்பிப் பதினாறு படி இறங்கி வந்தாள். "அப்புறம் போய்க்கறேன் அண்ணி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவுடன் நான் மாடிக்குப் போய் டிவியை அணைத்து இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். மரியாதை தெரியாதவள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும், எனக்கென்ன?

அறுத்துக் கெடுத்த அந்தக் கதவு என்ன ஆனது என்கிறீர்களா? அடுத்த சனிக்கிழமை இத்தாலி. அந்தக் கதவுக்கு அடியில் சக்கரம் வைத்து, முன்னால் அட்டையில் மூக்கு செய்து, கறுப்பு வண்ணம் அடித்துப் படகு ஆக்கிவிட்டான். இரண்டே நாளில்! கூடத்துக்குள் அவளை அதில் உட்கார வைத்துத் துடைப்பத்தால் துழாவி அழைத்துப்போன படத்தை எனக்கு அனுப்பினான். படத்தில் அவள் சிரிக்கத்தான் செய்தாள். எனக்கு வயிறு எரிந்தது. தன் பாத்ரூம் கதவின்மேல் உட்கார்ந்து வெனிஸ் போகிற பொம்பளையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"கிளம்பி என் வீட்டுக்கு வந்துடு. ஒரே தளம், படியே கிடையாது" என்று எத்தனை தடவை கெஞ்சினேன்.

"அடுத்த வாரம் முடிச்சுடறேன்னு சொல்றார் அண்ணி. நான் வந்துட்டா அவர் மனசு விட்டுப்போயிடும்." லிஃப்ட்டில் மாட்டியவர்களிடம் பேசிப் பேசி, ஆள் வந்துகொண்டே இருக்கிறது என்று அவளும் நம்பிப் பழகிவிட்டாள்.

எட்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அன்றைக்கு எகிப்து. பாத்ரூமுக்கு வாங்கிய டைல்ஸ் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏணிமேல் நின்று பிரமிடு கட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழே கட்டிலில் உட்கார்ந்து, "ஏங்க, அடிவயித்துல வலிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"வலிக்குதா, வலிக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டான் மகானுபாவன். அவனுக்கு மாதிரி என்றால் இன்னும் வராதது. மிச்சம் இருப்பது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. ஒரு பெண் வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றால் வலி உயிர் போகிறது, அடுத்தவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று மென்று முழுங்கிச் சொல்கிறாள் என்று அர்த்தம். இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"மாதிரிதான்" என்று அவளும் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் பதினாறு படி ஏறியிருக்கிறாள். மேலே போய்ப் பார்த்தால் இரத்தம். அங்கிருந்து அவனைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, பதறாதீங்க. காரை எடுத்துக்கிட்டு வாங்க. இரத்தம் போகுது. நான் தரையிலதான் உட்கார்ந்திருக்கேன், விழ மாட்டேன்." அதே அலுவலகக் குரல்.

கற்றுக்கொடுக்கிற கார் அது, கூரையில் பலகையோடு. ஒரு சிவப்பு விளக்குக்கும் நான் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் இவன் படியில் அவளைத் தாங்கிப் பிடித்தபடி வெளுத்துப்போய் நிற்கிறான். வழி நெடுக அவனை என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள்தான் பின் சீட்டில் படுத்தபடி, "அண்ணி, ரோட்டைப் பாருங்க" என்றாள்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. இன்னும் அரை மணி போயிருந்தால் இரண்டு உயிரில் ஒன்றுக்குத் தான் பொறுப்பில்லை என்றார் டாக்டரம்மா. ஒன்பது நாள் அந்தச் சின்னது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இவன் பெட்டிக்கு வெளியே நின்று அழுதான். அழட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா கேட்டார்: "ஆறு வாரத்துக்கு மாடிப்படி ஏறக்கூடாது. இவங்க இருக்கற தளத்துல பாத்ரூம் இருக்கா?"

"முடிஞ்ச மாதிரி..." என்று ஆரம்பித்தான்.

"இல்ல டாக்டர்" என்றாள் லிஃப்ட்காரி. "இல்ல. கதவுகூட இல்ல. நான் அண்ணி வீட்டுக்குப் போறேன்." பதினோரு வருடமாக ஏறாத சுருதி அன்றைக்குத்தான் ஏறியது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாளே கொத்தனாருக்குப் போன் போட எடுத்தேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "வேண்டாம் அண்ணி" என்றாள்.

"ஏன்டி? நாலே நாள்ல முடிச்சுடுவாங்க."

"சின்ன வயசுல அவர் பாதியில விட்ட வீட்டுப்பாடத்தை எல்லாம் நீங்கதான் எழுதிக் கொடுப்பீங்களாமே. பெருமையா சொல்லுவார். குழாயும் நீங்கதான் போட்டுக் கொடுத்தீங்க. போதும் அண்ணி. இதையும் நீங்களே முடிச்சுட்டா, நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறதுல அர்த்தமே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. யாரையெல்லாமோ பிரேக்கைப் போடு, பிரேக்கைப் போடு என்று கத்துகிற நான், என் தம்பிக்காக முப்பது வருடமாக என் பக்கத்துப் பிரேக்கை நானே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் காலுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. போனைக் கீழே வைத்தேன். அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அன்று முழுக்கப் பாத்திரம் தேய்த்தேன்.

அவன் தினமும் சாயங்காலம் வருவான், குழந்தையைப் பார்ப்பான், போவான். நகக்கண் எல்லாம் சிமெண்ட். எவ்வளவு ஆயிற்று என்று நாங்களும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு சனிக்கிழமை வந்து போயின. அவள் நாடு என்ற பேச்சையே எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, "முடிஞ்சுது. வந்து பாருங்க" என்றான்.

மூன்று பேரும் குழந்தையோடு போனோம். டைல்ஸ் இரண்டு வரிசை கோணல். குழாய் வலதுக்குப் பதில் இடது. ஆனால் எல்லாம் இருந்தது. புதுக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். லிஃப்ட்காரி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடியது, நின்றது.

பிறகுதான் அந்த அழுகை. விசும்பல் இல்லை. வாய்விட்டு, வயிற்றிலிருந்து வருகிற அழுகை. இத்தனை மாதம் ஏறி இறங்கியது, இருமியது, தரையில் உட்கார்ந்து இரத்தத்தைப் பார்த்தது, ஒன்றுக்கும் அவள் இப்படி அழுததில்லை. அழுவதற்கு அவளுக்கு அந்த வீட்டில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததா என்ன?

தம்பி பதறிப்போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினான். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"தட்டாதே."

"அக்கா, அவ அழறா..."

"கேக்குதில்ல? நகராதே. நின்னு முழுசா கேளு."

குழந்தையை அவன் கையில் வைத்தேன். அவன் நின்றான்.