முன்குறி தெரியாத இரண்டு வருஷம்

அந்தப் படிவம் ஒற்றைப் பக்கம்தான். காலையில் துவக்கு வாங்கப் போனபோது ஆயுத அறையின் ஜன்னலால் நீட்டினார்கள். புதிதாக வரும் பிஸ்டல்களில் பழைய இரும்புக் குறியே போதுமா, அல்லது மேலே சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பூட்ட வேண்டுமா என்று ஒவ்வொருவரும் தெரிவு செய்ய வேண்டும். மூன்று கிழமை தவணை. எதைத் தெரிவு செய்கிறோமோ அதோடுதான் இந்த வருஷத்துச் சுடுதல் சோதனை. இரண்டு தடவை சறுக்கினால் இடுப்பில் துவக்கு வைத்திருக்கும் அனுமதி போய்விடும். அனுமதி போனால் வண்டியில் இடமில்லை. ஜன்னலே இல்லாத உள்ளறையில் பைகளுக்கு முத்திரை குத்தும் வேலைதான் மிஞ்சும்.

நான் மொன்றியலில் கவச வண்டியில் வேலை செய்கிறேன். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணப் பைகளைக் கொண்டுபோய், எடுத்து வருகிற வண்டி. பதினொரு வருஷமாகிறது. இந்த நாட்டில் சாதாரண ஆள் இடுப்பில் துவக்கோடு தெருவில் இறங்க முடியாது. எங்களைப் போல ஒரு சிலருக்குத்தான் அனுமதி. பிறந்தநாள் வீடுகளில் சனம் என்னைப் பார்த்து, "பொம்பிளைக்கு ஏன் உந்த வேலை?" என்று கேட்கும். கேட்டுவிட்டு, "ஒருக்காக் காட்டுமன்" என்றும் கேட்கும். யாழ்ப்பாணத்தில் துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே வந்துதான் அறிந்தேன். அந்த இடத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இரும்புக் குறியில் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. பிஸ்டலின் பின்முனையில் ஒரு வெட்டு, முன்முனையில் முன்குறி என்கிற ஒரு சின்ன மேடு. வெட்டுக்கு நடுவே மேட்டை நிறுத்தி, அந்த மேட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கினால் பாதகமில்லை, முன்குறி மங்கக் கூடாது. ஒன்பது வருஷம் எனக்கு அது தண்ணி பட்ட பாடு. நாற்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் மருந்துப் போத்தலின் எழுத்தை வாசிக்கக் கையைத் தூர நீட்டினேன். கை போதவில்லை. அதே மாதம் சுடுதல் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் முன்குறியைப் பார்த்தேன். மேடு இருந்த இடத்தில் கறுப்புப் பஞ்சு மாதிரி ஏதோ நின்றது.

கிட்டவும் தூரவும் பார்க்கிற கண்ணாடி ஒன்று வாங்கினேன். அதன் கீழ்ப்பகுதியால் பார்த்தால்தான் முன்குறி தெரியும். அதற்கு நாடியை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் இலக்கு கரைந்துபோகும். முகட்டில் ஒட்டடை தேடுகிறவள் போல நின்று சுட்டுவிட்டு, இது சரிவராது என்று கண்ணாடியைப் பழையபடி மாற்றினேன். பிறகு இரண்டு வருஷமும் கைப்பழக்கத்தில் குத்துமதிப்பாகச் சுட்டு, மயிரிழையில் தப்பினேன். வேலையிடத்துக் கண் பரிசோதனையில் சுவரில் தொங்கும் எழுத்துகளை மட்டும்தான் வாசிக்கச் சொல்வார்கள். அந்தத் தூரத்து எழுத்துகளை நான் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவேன். ஆகவே யாருக்கும் சொல்லவில்லை, கணவருக்குக்கூட.

மறைப்பதற்கு எங்கள் தொழிலில் வசதியும் இருந்தது. ரேஞ்சில் ஒருவர் மற்றவரின் இலக்கு அட்டையைப் பார்க்கும் வழக்கம் கிடையாது. பயிற்றுநர் புள்ளி போட்டதும் அவரவர் அட்டையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவோம். அடுத்தவரின் சட்டைப் பைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல அதை நினைப்போம். கூட வேலை செய்கிறவரின் சுடுதலைப் பற்றிக் கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

என்னோடு வேலை செய்கிறவரும் யாழ்ப்பாணத்தவர்தான். அறுபதுக்குக் கிட்ட வயது. நான் அண்ணை என்பேன், அவர் தங்கச்சி என்பார். ஓட்டுநர் வண்டியைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க, நாங்கள் இருவரும் இறங்குவோம். ஒருநாள் நான் பையோடு முன்னால் நடப்பேன், அவர் நாலைந்து எட்டுப் பின்னால் காவல் வருவார். அடுத்த நாள் மாற்றி. டவுன்டவுன் நிலக்கீழ்க் கடைத்தொகுதிகளின் சனத்துக்குள்ளால் அப்படித்தான் எங்கள் காலம் போனது.

படிவத்தை அண்ணை அந்த இடத்திலேயே நிரப்பிக் கொடுத்தார். இரும்புக் குறி. நான் நிரப்பாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, உமக்கும் உந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு வேணுமோ? பற்றறி செத்தால் என்ன செய்வீர்? கள்ளனை நில்லடா எண்டு சொல்லிப்போட்டு தெப்பனர்க் கடைக்குப் பற்றறி வாங்க ஓடுவீரோ?"

"பற்றறியை வருஷத்துக்கு ஒருக்கா மாத்தலாம் அண்ணை. உங்கடை வாயைத்தான் மாத்தேலாது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் பயம்.

தவணைக்குள் யாரும் சிவப்புப் புள்ளியைச் சுட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். பயிற்றுநர் கியூபெக்காரர், அதிகம் பேசாத மனிதர். பிஸ்டலின் மேல் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு கண்ணாடி நின்றது. அதற்குள் புள்ளி மிதக்கும் என்றார். வெட்டும் மேடும் பார்க்கத் தேவையில்லை, இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன் மேல் வந்து உட்காரும் என்றார். நான் உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். புள்ளியைக் காணோம். துவக்கை மேலே கீழே ஆட்டித் தேடினேன். கண்டுபிடித்துச் சுடுவதற்குள் இரும்புக் குறிக்காரர் மூன்று தரம் சுட்டிருப்பார். கண்ட புள்ளியும் வட்டமாக இல்லை, வியர்வையில் கரைந்த பொட்டு மாதிரி ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது.

எரிச்சலில் துவக்கை மேசையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மதாம், எதற்காக இது வேண்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டார். வேறு யாரும் அங்கே இல்லை. முன்குறி தெரியவில்லை என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் பிஸ்டலைக் கையில் எடுத்தார். புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தார். கண் வைத்தியரிடம் போய்த் தூரப்பார்வைக்குச் சரியான கண்ணாடி எடுத்து வா, புள்ளி பாதி நேராகிவிடும் என்றார். பிறகு ஒரு துண்டு நாடாவை எடுத்து, பிஸ்டல் மேலிருந்த கண்ணாடியின் முன்பக்கத்தை முழுதாக மறைத்து ஒட்டினார்.

"இப்போது சுடு. இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்."

அடைத்த கண்ணாடியால் எப்படிச் சுடுவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு கண் புள்ளியைப் பார்க்க, மறு கண் இலக்கைப் பார்க்க, இரண்டும் ஒன்றாகி இலக்கின் மேல் புள்ளி நின்றது. நான் பதினொரு வருஷமாகத் துவக்கைப் பார்த்துப் பழகியவள், அதனால்தான் புள்ளியைத் தேடியிருக்கிறேன். தேடக் கூடாது. சுட வேண்டிய இடத்தை மட்டும் பார்த்து, கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர வேண்டும்.

அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பயிற்சித் துவக்கை இரவல் வாங்கி வந்தேன். அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டின் நிலவறையில் காலையில் ஐம்பது தரம், வேலை முடிந்து வந்து ஐம்பது தரம் அதை எடுத்து நீட்டினேன். சுவரில் தொங்கிய காலண்டரின் ஒரு திகதிதான் இலக்கு. மகள் படியில் நின்று பார்த்துவிட்டு, "மமாங், உனக்கு விசர்" என்று பிரெஞ்சும் தமிழுமாகச் சொல்லிப் போனாள். தோள் நொந்தது, தைலம் பூசினேன், விடவில்லை. புது மூக்குக்கண்ணாடி வந்ததும் அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். நீட்டியதும் புள்ளி அங்கே இருந்தது.

எல்லாம் சரி என்று நினைத்திருந்தபோது குளிர் வந்து குறுக்கே நின்றது. பரீட்சார்த்தமாக இரண்டு நாள் புதிய பிஸ்டலை வேலைக்குக் கொண்டுபோக விட்டார்கள். வெளியே மூக்குமயிர் உறையும் குளிர். சூடான கடைத்தொகுதிக்குள் போய் வந்து, நிலையத்துக்குள் நுழைந்து, தவறி வெடித்தால் தாங்கும் மணல் பீப்பாய்க்கு நேரே துவக்கைப் பிடித்துக் குண்டைக் கழற்றினேன். பிஸ்டல் கண்ணாடி முழுக்க, மூச்சுப் பட்டதுபோலப் புகார் படிந்து வெள்ளையாக இருந்தது. பின்னால் நின்ற அண்ணையும் கண்டுவிட்டார்.

"பாத்தீரோ? உது இந்த ஊர்க் குளிருக்குச் சரிவராது. இரும்புக்குப் புகார் பிடிக்காது தங்கச்சி."

அவர் சொன்னது உண்மை. அந்த இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. இரும்பு எந்தக் குளிரிலும் இரும்புதான், என் கண்ணுக்கு அது தெரியாது என்பதுதான் பிரச்சினை. கண்ணாடியில் புகார் படியாமல் பூசும் திரவம் இருக்கிறது. படிந்தாலும் நாடா ஒட்டிச் சுட்டதுபோல இரண்டு கண்ணாலும் சுடலாம். என் கண்ணுக்குப் பூச ஒன்றும் இல்லை. இப்படி யோசித்து, படிவத்தில் சிவப்புப் புள்ளி என்று எழுதினேன். கீழே காரணம் கேட்டிருந்தார்கள். "வேகம்" என்று எழுதினேன். கண் என்று எழுதினால் இரண்டு வருஷமாக எப்படிச் சமாளித்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் துணிவு வரவில்லை.

சோதனையன்று அண்ணை எனக்குப் பக்கத்து வரிசையில் நின்றார். நடுவில் பயிற்றுநர் வந்து, புகார் படிந்தாலும் சுடுகிறேனா என்று பார்க்க, என் பிஸ்டல் கண்ணாடியில் விரலால் கிறீஸ் பூசிவிட்டுப் போனார். நான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுட்டேன். தேறினேன், அதுவும் முன்னெப்போதும் இல்லாத அளவு நன்றாக. சந்தோஷத்தில் அட்டையைச் சுருட்டவே மறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணையும் தேறினார். அவர் தன்னுடையதை வழமையை விடக் கெதியாகச் சுருட்டியதைக் கவனித்தேன்.

திரும்பும்போது அவருடைய காரில் வந்தேன். பாதி வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, உந்தப் புள்ளி... வெள்ளெழுத்து இருந்தாலும் தெளிவாத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. அதுக்காகத்தான் எடுத்தனான். எனக்கு ரெண்டு வருஷமா முன்குறி தெரியிறேல்லை."

அவர் சிவப்பு விளக்கில் நிறுத்தினார். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"எனக்கு நாலு வருஷமாத் தெரியிறேல்லை" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நாலு வருஷம். கையில் பையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு, கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் கயிறு பிடித்து நடக்கிற அந்தச் சனத்துக்குள்ளால் நான் முன்னால் போயிருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவருக்குக் குறி தெரியாது. அவர் சுட்டிருந்தால் அது யாருக்குப் பட்டிருக்கும்? அடுத்த நொடியே வெட்கம் வந்தது. மற்ற நாட்களில் குறி தெரியாமலே இரண்டு வருஷம் அவருக்குப் பின்னால் போனவள் நான்தானே.

"நாளைக்குக் காலமை போய்ச் சொல்லுங்கோ அண்ணை. புள்ளிக்கு மாத்தித் தரச் சொல்லுங்கோ."

"இனி மாத்தினால் திருப்பிச் சோதனை. சறுக்கினனோ, உள்ளுக்கை இருத்திப்போடுவாங்கள். இன்னும் ரெண்டு வருஷந்தானே தங்கச்சி, பென்சனுக்கு."

"அந்த ரெண்டு வருஷமும் உங்களுக்கு முன்னாலை நடக்கிறது நான். நீங்கள் சொல்லாட்டி நான் உங்களோடை வண்டியிலை ஏற மாட்டன்."

"ஏறாட்டி உம்மடை வேலைதான் போகும்."

"போகட்டும்" என்றேன்.

மறுநாள் காலை துவக்கை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணை என்னைக் கடந்துபோய் ஏறி உட்கார்ந்தார். நான் ஏறவில்லை. ஓட்டுநர் எஞ்சினை இயக்கி வைத்திருந்தார். மேற்பார்வையாளர் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். காத்திருக்கிறேன் என்றேன். எதற்கு என்றார். நான் வண்டிக்குள் இருந்த அண்ணையைப் பார்த்தேன். ஏற மறுத்தால் அனுமதிச் சீட்டை இப்போதே கழற்றித் தந்துவிட்டு உள்ளே போக வேண்டிவரும் என்றார். அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் மார்பில் குத்தியிருந்த சீட்டைக் கழற்றத் தொடங்கினேன்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. அண்ணை இறங்கி வந்தார், என் பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மேற்பார்வையாளரிடம் போஞ்சூர், மெர்சி தவிர வேறெதுவும் சொல்லியிராத மனிதர், உடைந்த பிரெஞ்சில், எனக்கு முன்குறி தெரியவில்லை, நாலு வருஷமாகத் தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டு உறையோடு துவக்கைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

அவரைத் தனியே அப்படி நிற்க விட எனக்கு ஏலவில்லை. பக்கத்தில் போய் நின்று, எனக்கும் இரண்டு வருஷம் தெரியாமல் இருந்தது, படிவத்தில் எழுதிய காரணம் பொய் என்று சொன்னேன்.